ஒலிபெருக்கி செத்த ஒன்றரை நிமிடம்

டோர்ஸ்ஹவுனில் அன்று காற்று
மூலைக்கொடியைத் தரையோடு படுக்கவைத்திருந்தது.
ஆங்கில வர்ணனைக்கு ரன்வா,
ஒலிப்பெட்டிக்கு நான்.
கீதத்தின் மேலேயே பேச வேண்டும், லண்டன் கட்டளை.
வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் இடைவெளியாம்.

முதல் அடி முடியுமுன் ஒலிபெருக்கி செத்தது.
கம்பியோ, மழையோ.
இசை போனதே தெரியாதவன்போல
கோல்கீப்பர் பாடிக்கொண்டே நின்றான்.
வாரநாளில் மீன்பெட்டி அடுக்குகிறவன்,
சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.
பிறகு மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு.
பிறகு கூரையில்லாத கிழக்குப் பக்கம் முழுக்க.

ரன்வா வாயைத் திறந்தாள்.
மூடிக்கொண்டாள்.
காதுக்குள் தயாரிப்பாளர் கத்துகிறார்:
பேசு, பேசு, எதையாவது பேசித் தொலை.
நான் அவர் குரலைக் குறைத்து
மைதானத்து மைக்கை ஏற்றினேன்.
வேலை போகும் என்று தெரியும்,
விரல் கேட்கவில்லை.

நாலு கோல் வாங்கித் தோற்றோம்.
அதில் ஒன்று நாங்களே போட்டுக்கொண்டது.

வியாழக்கிழமை, கனடாவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்:
"ஆட்டம் வேண்டாம்.
அந்தக் காற்றையும்
நடுவில் இருமிய ஆளையும்
இன்னொரு தரம் போடுவீர்களா?"

இருமியது ரன்வாதான்.
இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.