பத்தலப்பல்லி ஏற்றம்

காலையில் இறங்கும்போது ஒன்றுமில்லை.
சூட்டு முள் பாதியில் நிற்கிறது,
கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்த குமாஸ்தா போல.
பேரணாம்பட்டில் ஷூ கம்பெனி வாசலில்
பதினாலு பெண்களை இறக்கிவிட்டு
முனவ்வர் பட்டறைக்கு விடுகிறேன்.
அரைமணி நேரம் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கிறான்.
சமதளத்தில் வண்டி உத்தமம்.
"உனக்குத்தான் காய்ச்சல்" என்கிறான்.

சாயங்காலம் அதே பதினாலு பேர்,
அவர்கள் டிபன் டப்பா, ரேஷன் பை,
யாரோ வாங்கிய பழைய தையல் மெஷினின் தலை.
மூன்றாவது கொண்டை ஊசியில்
டர்போ சீட்டியடிக்கத் தொடங்கும்.
முள் எழுந்து நிற்கும்.
ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவேன்,
எஞ்சின் சூட்டில் எங்கள் பங்கை வாங்கிக்கொள்ள.
மே மாதம்.
பின்னாலிருந்து இரண்டு பாஷையிலும் வசவு.

ஐந்தாவதில் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.
யானை ரோட்டைக் கடக்கும் நேரம்.
செல்போன் வெளிச்சத்தில்
பதினாலு பேரும் வண்டியை ஒட்டி நிற்கிறார்கள்,
யாரும் பேசுவதில்லை.
ஃபேன் மட்டும் சுற்றுகிறது.
மூடியைத் திருகப் போன கையை
மணிக்கட்டின் தழும்பு இழுத்துக்கொள்கிறது.
அது போன மாசத்து அவசரம்.

தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று.
கழற்றிய பழையதை
டீக்கடைப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டுப் பார்த்தோம்.
வேளை வந்ததும் அழகாக மலர்ந்தது.
அதற்குள் புதுசுக்குக் காசு கொடுத்திருந்தேன்.
வி.கோட்டா சலபதி
ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலிருந்து
ராகித் தவிடு, தட்டான் சிறகுகள்,
ஒரு பஸ் டிக்கெட்
எல்லாம் எடுத்துக் காட்டினார்.
அன்றைக்கு ஒரு வளைவு கூடுதலாகக் கிடைத்தது.
மறுநாள் அதுவும் போயிற்று.
வாட்டர் பம்ப்பையும் மாற்றினேன்,
அதைப்பற்றி வீட்டில் சொல்லவில்லை.

கடைசி சீட் சௌடம்மாதான் சொன்னாள்:
"ஏறும்போது பொகையில
பெல்லம் வாசன வஸ்துந்தி."
வண்டியே சிரித்தது.
பதினோரு வருஷம் அடித்தோலுக்குப் பசை தடவி
செத்துப்போன மூக்கு அது.
கருவாட்டுக் கடையைத் தாண்டினாலும் தெரியாது அவளுக்கு.
"அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்,
"எனக்கே வருது."

கூலன்ட் இனிப்பானது.
அதை நக்கிவிட்டு எங்கள் தெரு நாய் ஒன்று
போன வருஷம் செத்தது.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் நானும் சிரித்தேன்.

விடிகாலை நாலரை.
ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வண்டி.
மேல் குழாயைப் பிடித்துப் பார்த்தேன்,
மெத்தென்றிருந்தது.
சாவி போட்டேன்.
நூறு எண்ணுவதற்குள்
கைக்குள் குழாய் மூங்கிலாக இறுகிவிட்டது,
தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும்போதே.
சூடு வருமுன் இவ்வளவு கோபம் எங்கிருந்து?
பாட்டிலுக்குள் டார்ச் அடித்தேன்.
கொதிக்காத தண்ணீரில்
ஒன்று, இன்னொன்று, விடாமல்
குமிழிகள்.

முனவ்வர் ஹெட்டைத் தூக்கினான்.
மூன்றாம் சிலிண்டரிலிருந்து தண்ணீர்ப் பாதை வரை
கேஸ்கெட்டில் ஒரு கறுப்புக் கோடு,
தலைமுடி அளவு.
நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு
"பாரத்தோட மலை ஏறினாத்தான்
இது நல்லா வாயைத் திறக்கும்.
மலையை என் பட்டறைக்கு யார் கொண்டு வர்றது?"
என்றான். மன்னிப்பு கேட்டது அவ்வளவுதான்.

ஒன்பது நாள்.
பெண்கள் தக்காளி லாரியில் தொற்றிக்கொண்டு இறங்கினார்கள்.
இரண்டு நாள் லாரி வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம்
பதினாலு பேரோடு ஐந்தாவது வளைவு.
முள் அசையவில்லை.
ஹீட்டர் மூடியிருந்தது.
எல்லாரும் தூங்கிவிட்டார்கள்,
கண்ணாடியில் ஒரு முகம் மட்டும் விழித்திருந்தது.
"சௌடம்மா, வாசனை?"
ஜன்னல் பக்கம் திரும்பி
நன்றாக ஒரு மூச்சு இழுத்தாள்.
"வாசன லேது.
ரெண்டு நாள் கூலியும் லேது."

ஆறாவதுக்கு கியர் மாற்றினேன்.