நாய் நான்கு முறை குரைக்கிறது

அஸ்தூரியாஸ் மலையிடுக்கில் எங்கள் ஊர்.
சுரங்கத்தை மூடி இருபத்தாறு வருடம்,
ஆறு இப்போதுதான் கறுப்பைக் கைவிட்டிருக்கிறது.
நகராட்சி நூலகத்தில் எனக்கொரு மேசை,
ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு மைக்,
ஒப்புதல் படிவம் ஒரு கட்டு.
ஐம்பத்தெட்டு வயதில் வாய்த்த உத்தியோகம்:
பிறர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது.

எத்தெல்வினா மெனெந்தெஸ், முப்பத்தோராவது குரல்.
நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கிய பெண்களில் ஒருத்தி.
உட்காருமுன் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்,
"அது என்னைவிட வாயாடி."

பேச்சுக்கு முன்பு
ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவது என் வழக்கம்.
எந்த இரண்டு சமையலறையும்
ஒரே மாதிரி மௌனமாய் இருப்பதில்லை.
அவளுடையதில், இருபதாவது நொடியில்
தெருக்கோடி நாய் ஒரு தரம் குரைத்தது.
நாற்பத்தைந்தில் ஜன்னல் கதவு முட்டியது.
பிறகு அவள் தொண்டையைச் செருமினாள்.

வேலைநிறுத்தம் வந்தது கதையில்.
முப்பது பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டதுதான்:
யாருக்கும் தெரியாமல் சுரங்கத்தில் இறங்கிய கருங்காலியின் வாசலில்
விடியுமுன் பெண்கள் மக்காச்சோளம் இறைப்பார்கள்.
கோழியே, கொத்தித் தின் என்று அர்த்தம்.
கல்லில்லை, வசவில்லை,
ஒரு கைப்பிடி மஞ்சள்.
அதன் பிறகு அந்த வீட்டுக்கு
ரொட்டிக்காரன்கூட மணியடிக்கமாட்டான்.
"நானும் ஒருநாள் மடியில் சோளம் கட்டிக்கொண்டு போனேன்" என்றாள்.
பதினேழு நிமிடம், நாற்பது நொடி.

அடுத்த மூன்றரை நிமிடம் அவள் சொன்னதை
இங்கும் எழுதமாட்டேன்.

"காப்பி ஆறிப்போச்சு" என்று முடித்தாள்.
படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்,
அழுத்தி, மறுபக்கம் தெரிய.

மூன்றாம் நாள் தொலைபேசி.
"அந்தப் பகுதி வேண்டாம்.
நான் செத்த பிறகும் வேண்டாம்."
வாதாடலாம், வாதாடச் சொல்லிப் பயிற்சி வகுப்பே உண்டு.
சரி என்றேன்.
அழித்தேன். மூலத்தையும் பிரதியையும்.
வெட்டிய இடம் பல் விழுந்த ஈறு போல் இருந்தது,
கேட்டவுடன் நாக்கு அங்கே போகும்.
அவள் அறையின் ஒரு நிமிடத்தை எடுத்து
மூன்று தரம் முழுதாகவும்
ஒரு தரம் பாதியாகவும் ஒட்டி நிரப்பினேன்.

முப்பத்துநான்காவது குரல் பெல்ஜியத்திலிருந்து.
லியேஜ் நகரம், அவுரினா, பெலார்மினோவின் மகள்.
முப்பது வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவள்.
"அப்பா ஒருநாள்கூட இறங்கவில்லை.
போராட்டக் குழுவுக்கு உருளைக்கிழங்கு வசூலித்தவர்.
ஒரு காலை படியில் சோளம் கிடந்தது.
தப்பான வாசல் என்று அம்மா காத்திருந்தாள்,
யாராவது வந்து சொல்வார்கள் என்று.
எதிர்வீட்டு எத்தெல்வினாகூட வரவில்லை.
நாலாம் நாள் பெருக்கி எடுத்து
எங்கள் இரண்டு கோழிக்குப் போட்டாள்.
முட்டையை நாங்கள் தின்றோம்.
வசந்தத்தில் ரயிலேறினோம்."

கம்பியில் அவள் மூச்சு.
"இத்தனை பேரிடம் கேட்டிருக்கிறீர்களே,
அது யார் கை என்று
ஒருவர்கூடவா சொல்லவில்லை?"

என் உத்தியோகம் என்னவென்று மேலே சொன்னேன்.
"ரிசீவரைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பேசுங்கள்" என்றேன்,
"குரல் சரியாய் விழவில்லை."

நன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஊர்க் குரல்கள் அத்தனையும் கேட்கவேண்டுமாம் அவளுக்கு.
கேட்பது அவள் உரிமை, படிவத்திலேயே இருக்கிறது.
செவ்வாயன்று அனுப்பிவைத்தேன்.
பட்டியலில் முப்பத்தொன்றுக்கு நேரே
குறிப்பு எதுவும் எழுதவில்லை,
எழுதவும் தெரியவில்லை.

பதினேழு நாற்பதிலிருந்து இருபத்தொன்று பத்துவரை
ஒரு சமையலறை சும்மா இருக்கிறது.
அதில் நாய் நான்கு முறை குரைக்கிறது,
ஒவ்வொரு முறையும் அதே குரைப்பு.
ஜன்னல் கதவு மூன்று முறைதான்.