டீலர் டூர்

இலக்கைத் தாண்டி நானூறு டின் விற்றதற்கு
பெயிண்ட் கம்பெனி தந்தது:
குல்மார்க், பெரிய ஓட்டல்,
ஏழு நாள், இருவருக்கு.

நான் அறையைவிட்டு இறங்கவில்லை.
ஹீட்டரை அணைத்தபடி
தெற்குமாசி வீதிக் கடையில்
பிரைமர் தீர்ந்த கதையை
போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே
வாடகை பூட்ஸும் ஆரஞ்சுக் கோட்டுமாய்
பாண்டீஸ்வரி விழுந்தாள்.
எழுந்தாள்.
விழுந்தாள்.
பதினேழுவரை எண்ணினேன்.
ஐந்தாம் நாள் விழவில்லை;
சரிவில் வழுக்கி
என் ஜன்னலைவிட்டுப் போய்விட்டாள்.
டீயில் ஆடை கட்டியிருந்தது.

இப்போது சித்திரை.
தார் செருப்பில் ஒட்டுகிறது.
ஸ்கூட்டியை அவள்தான் ஓட்டுகிறாள்,
கடைச்சாவியும் கலர் கார்டுமாய்
நான் பின்னால்.

தெற்குவாசல் பாலத்து இறக்கம்.
பிரேக்கைத் தொடவில்லை.
"வெறச்சு ஒக்காராதீங்க," என்கிறாள்,
"எங்கூடச் சாயுங்க."