உருப்படி 214

கெல்சோ. ட்வீட் ஆற்றங்கரை.
கம்பளிக் கிடங்காய் இருந்த கூடத்தில் ஏலம் விடுகிறோம்:
வெள்ளிக் கரண்டிகள், பாடம் செய்த சால்மன் மீன்,
யாரும் உட்காராத நாற்காலிகள் ஆறு.
வியாழனுக்குள்
எல்லாவற்றுக்கும் நான் குறிப்பு எழுதியாக வேண்டும்.

ஜப்பானிய வாள், உறையோடு.
கைப்பிடியில் திருக்கைத் தோல்,
பட்டு நாடா இரண்டு இடத்தில் நைந்தது.
கேப்டன் டர்ன்புல்லின் மகள், எண்பத்தொரு வயது,
காரின் பின்னிருக்கையில்
குடைகளோடு கிடத்திக் கொண்டுவந்தார்.
‘அப்பா இதைச் சுவரில் மாட்டியதே இல்லை.
பிப்ரவரியில் ஒருமுறை எண்ணெய் போடுவார்.’
கூடவே ஒரு பிஸ்கட் டின்.
அதற்குள் ஒரு நோட்டு. பக்கத்துக்குப் பக்கம்
ராணுவ மொழிபெயர்ப்பாளர் தட்டச்சிட்டுச் செருகிய தாள்.

மேஜர் உசுகி தடாமிச்சி.
சயாம் காட்டில் தண்டவாளம்,
பதினேழு கிலோமீட்டர் அவன் பொறுப்பு.
சிப்பாய் தின்ற அளவே தானும் தின்றான்,
கிராம் கணக்கில் குறித்திருக்கிறான்.
காய்ச்சலில் செத்த சிப்பாய் ஒவ்வொருவனுக்கும்
பெயர், தகப்பன் பெயர், ஊர்,
சாம்பலில் பொறுக்கிய விரலெலும்பு
எந்தப் பெட்டியில் என்பது வரைக்கும்.
தோற்ற சேதி வந்த இரவு
வாளை மடியில் வைத்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான்.
சாவது எளிது,
கணக்கை ஒப்படைக்காமல் சாவது ஓடிப்போவது.
விடிந்ததும் சவரம் செய்து,
இரண்டு நாள் நடந்து,
இருபது வயது இளைய ஒரு கேப்டன் முன்னால்
வாளையும் நோட்டையும் இரு கையாலும் நீட்டினான்.

செஞ்சோற்றுக் கடன் என்போமே, அதுதான்.
ஒப்புக்கொள்கிறேன், கண்கூடக் கலங்கியது
ஜூலை மாதம் வரும்வரை.

கூலிகள் 11.
கூலிகள் 9.
கூலிகள் 26, மழை.
மலாயாத் தோட்டங்களில் லாரி ஏற்றிய எங்கள் ஜனம்
அதே நேரான கையெழுத்தில்
அரிசிக்கும் டைனமைட்டுக்கும் நடுவே.
நான் கோலகங்சாரில் பிறந்தவள்.
எங்கள் குடும்பத்தில் யாரும் போகவில்லை என்பார்கள்.
போயிருந்தாலும்
எண்ணிலிருந்து ஆளை யார் பிரித்தெடுப்பது?

ஆகஸ்ட் 19.
‘முனியாண்டி என்பவன் என் குதிரைக்குத் தண்ணீர் எடுக்க மறுத்தான்.
காய்ச்சல்காரர்கள் குடித்த பிறகே என்றான்.
அந்த நாற்பது பேருக்கு அவன் பொறுப்பாம்.
அவன் நிலையில் நானும் அதையே செய்திருப்பேன்.
தண்டனை மாலையில் நிறைவேற்றப்பட்டது.’
கீழே, ஒரு வரி விட்டு:
‘குதிரைக்கு இன்று தண்ணீர் காட்டவில்லை.’

விளக்கை இழுத்து மூல நோட்டைப் பார்த்தேன்.
கைபேசியில் அவர்கள் எழுத்து அட்டவணை.
மு. னி. யா. ன்.
கடைசி எழுத்தை இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறான்,
நம் டகரம் அவன் நாக்குக்குப் பிடிபடவில்லை.
யாரையோ கேட்டிருக்க வேண்டும்.
முனியாண்டியையேதான் கேட்டானா?
எப்போது?
மாலைக்கு முன்பா?

தட்டச்சுத் தாளில் இருவருக்கும் ஒரே சொல்.
ஆங்கிலத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.
எனக்குத்தான்
உசுகி அவனா அவரா என்று பேனா நிற்கிறது.
முனியாண்டிக்கு நிற்கவில்லை. அவர்.

‘கதை இருந்தால் விலை ஏறும்,
இந்தக் கதைக்கு இறங்கும்’ என்றார் ட்ரம்மண்ட்.
என் குறிப்பில் நாலு வரி போனது.
நோட்டைப் பிரித்துத் தனி உருப்படி ஆக்கினார்:
215, ஆரம்ப விலை முப்பது பவுண்டு.

லீட்ஸிலிருந்து ஒருவர் போன் செய்தார்,
கூர் இருக்கிறதா என்று.
உறையிலிருந்து நாலு விரற்கடை உருவினேன்.
கிராம்பு எண்ணெய் வாசம்,
பல்வலிக்குப் பஞ்சில் வைப்பது.
இருக்கிறது என்றேன்.

பணியாளர் ஏலம் கேட்கக் கூடாது.
பதினோரு வருடமாக
எந்த விதியையும் நான் மீறியதில்லை.
நாளை வியாழன்.