நாற்பத்தொரு குண்டு

காம்பியா ஆறு வளைகிற இடத்தில்
கெம்போகுண்டா எங்கள் வார்டு.
இங்கே ஓட்டு என்பது
ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு.
வண்ணமடித்த டிரம்மின் குழாயில் போட்டால்
உள்ளே ஒரு மணி, ஒரே ஒரு 'டிங்'.
அதனால்தான் தேர்தலன்று
சாவடிப் பக்கம் சைக்கிள் வரக்கூடாது.

சற்றுத் தள்ளி, இலவமரத்து வேரில்
காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.
டிங். எனக்கு.
டிங். எனக்கு.
என் ஊதா டிரம்மும் அவளுடைய ஆரஞ்சு டிரம்மும்
ஒரே குரலில்தான் பேசும் என்பது
பதினைந்து வருடமாகத் தெரியும்.
ஆனாலும் பொழுது சாயும்வரை
ஒரு ஓசையைக்கூட
அவளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

இரவு, குழி வைத்த மரத்தட்டுகளில் நிரப்பினார்கள்.
தட்டுக்கு இருநூறு.
அவளுக்கு நான்கு தட்டு, கொசுறாகப் பதின்மூன்று.
என் நான்காவது தட்டில்
இருபத்தெட்டுக் குழிகள்
பல் போன வாயைப் போல.
கூட்டிப் பார்க்க எனக்கு நேரமாயிற்று.
மற்றவர்களுக்கு ஆகவில்லை.

யாங்குபா, என் மகன், காதருகே குனிந்தான்:
"விளக்கு அணைந்தால் போதும் அப்பா.
தட்டைக் கவிழ்க்க ஒரு நிமிஷம்."
அவன் குரல் நடுங்கவில்லை.
பயந்தது அதற்குத்தான்.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
விளக்கு எங்கே மாட்டியிருக்கிறது என்று
நானும் ஒருமுறை பார்த்தேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன்.
பேனா எழுதவில்லை. உதறிவிட்டு
மேலேயே மறுபடி போட்டேன்.
அந்தத் தாளில் என் பெயர்
இரண்டு தடவை தோற்றிருக்கிறது.

அதிகாரிப் பெண் இரண்டு பேர் குண்டுகளையும்
ஒரே சாக்கில் கொட்டி வாயைக் கட்டினாள்.
எது யாருடையது என்று
இனி அந்தக் குண்டுகளுக்கே தெரியாது.

விடிய விடிய அந்தப் பக்கம் மேளம்.
என் வீட்டுச் சுவரொட்டியில்
என் முகத்தின்மேல் யாரோ சாணி அடித்திருந்தார்கள்.
குறி தப்பவில்லை. பாராட்டத்தான் வேண்டும்.

காலையில் வெள்ளை அங்கியில் கிளம்பினேன்.
ஒரு கையில் கோலாக்கொட்டை,
இன்னொன்றில் துணிப்பை.
தீடா சங்யாங்கின் முற்றத்தில்
சிரிப்பு சட்டென்று நின்றது.
"ஜெயித்தாய்," என்றேன்.
"ஜெயித்தது இது," என்று பையை அவிழ்த்தேன்.

தண்ணீர்த் தொட்டியின் சாவி.
வலப்பக்கம் திருப்பினால் உடையும்;
கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம்.
கணக்கு நோட்டு. குப்பை வண்டிக்காரருக்கு
ஐந்து மாதச் சம்பளம் பாக்கி,
அவருடைய கழுதைக்குக்கூட என்மேல் கோபம்.
சந்தைக் கூரையில் மூன்று தகரம் காற்றோடு போயிற்று.
அதில் இரண்டு என் மச்சான் வீட்டில் இருக்கின்றன.
கேட்டால் கொடுப்பான்.
நான் கேட்கவில்லை.
அப்புறம் ஆற்றோரத் தெருவின் பம்ப்...
அங்கே எல்லாரும் உன் ஆட்கள் என்று நினைத்து
இரண்டு வருடம் பழுது பார்க்காமல் விட்டேன்.
இதைச் சொல்லும்போது
கோலாக்கொட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்படியானால் இனி மேட்டுத் தெரு காத்திருக்கட்டும்,"
என்றான் ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன்.
"அங்கே எல்லாம் இவருக்குத்தானே போட்டார்கள்!"
முற்றம் மறுபடி சிரித்தது.

தீடா சிரிக்கவில்லை.
சாவியை உள்ளங்கையில் வைத்து
எடை பார்ப்பவளைப் போல நின்றாள்.
"மேட்டுத் தெருவில் எனக்கு எத்தனை பேர்?"
"தெரியாது," என்றேன்.
"மணி ஒன்றுபோலத்தானே அடிக்கிறது."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அந்தச் சட்டைக்காரனை அனுப்பி
எனக்கு ஒரு நாற்காலி எடுத்துவரச் சொன்னாள்.
பிறகு கேட்டாள்:
"எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றீர்கள்?"

பை காலியாக இருந்தது.
ஆனாலும் அதை மடிக்காமல்
தூக்கிக்கொண்டே நடந்தேன்.
தெரு நடுவில் என் பின்னால்
ஒரு பையன், தடை நீங்கிய சைக்கிளில்,
டிங்.

எனக்குத்தான்.
ஒதுங்கி வழிவிட்டேன்.