ஊசி ரிஜிஸ்டர்

ஆறு கவிஞர்கள்.
ஆறு பேருக்கும் முதல் வரி ஒன்றுதான்:
'கேக்குதுங்களா?'

ஞாயிறு, மாலை ஏழு மணி.
பதினைந்து வேலம்பாளையத்தில்
கம்பெனி ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.
வைஃபை இங்கேதான் முழுசாய் எடுக்கும்.
முதுகுக்குப் பின்னால் நாற்பத்தெட்டு அட்டைப்பெட்டிகள்,
ஹாம்பர்க் போகவேண்டிய குழந்தைச் சட்டைகள்.
அவை தெரியாதிருக்க
திரையில் ஒரு கடற்கரையைப் போட்டுக்கொண்டேன்.
திரும்பும்போதெல்லாம்
என் காதைக் கொஞ்சம் கடல் தின்றது.

முதலில் சம்சுல் ஹுதா.
ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்கு வெளியே
நிறுத்திய காருக்குள்ளிருந்து.
லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது
அவர் தம்பியின் மரணத்துக்குக் குறுக்கே.
நிறுத்தாமல் படித்தார்.
அந்த பீப் பீப் இல்லாமல்
இனி எனக்கு அந்தக் கவிதை வராது.

அடுத்து பவானி நல்லசிவம்.
ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தோம்.
அவர் முன்னுரையே ஒன்பது.

தாளவாடியிலிருந்து மாதேவி.
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டியின்
இரும்பு ஏணியில் பாதி ஏறி நின்றபடி.
'நீ வந்தபோது என் வீட்டில் இருந்ததெல்லாம்'
என்றார், உறைந்துபோனார்,
வாய் திறந்தபடி, காற்றில் தூக்கிய முடியோடு.
திரும்பி வந்தபோது
கவிதை இரண்டு வரி தாண்டியிருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம்.
மெஷினில் ஊசி உடைந்தால்
எல்லாத் துண்டையும் தேடியெடுத்து
ரிஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்டி
கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி.
முனை மட்டும் கிடைக்காவிட்டால்
அந்த லாட் மொத்தமும் நிறுத்தம்.
எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தோரம்
அது இருக்கக்கூடும் என்பது கணக்கு.

மாதேவியின் ஒரு சொல் கிடைக்கவில்லை.
கைதட்டினோம். அடுத்தவரை அழைத்தோம்.

காங்கேயம் கலாமணி.
அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர்.
பச்சைப் புடவை, புதுசு, மடிப்புக்கோடு கலையவில்லை.
நோட்டைப் பிரித்தார், படித்தார்.
மைக் மூடியிருந்தது.

சொல்லியிருக்கவேண்டும்.
நான்தான் ஹோஸ்ட்.
விரல் பட்டன் வரைக்கும் போனது.
அதற்குள் அவர் ஏதோ ஒரு வரிக்கு முன்னால்
நின்று, எச்சில் விழுங்கி,
கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
நோட்டைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தார்.
உதடு ஒருமுறை குவிந்தது.
'ஊர்' என்றிருக்கலாம். வெறும் 'ஓ'வாகவும் இருக்கலாம்.
பின்சுவரில் ஒரு பல்லி
காலண்டருக்கு அடியில் புகுந்து
மறுபக்கம் வருவதற்குள் முடித்துவிட்டார்.
மற்றவர்களும் மூச்சு விடவில்லை,
தன் போனில்தான் கோளாறு என்று
ஆளாளுக்கு நினைத்தார்களோ என்னவோ.

நல்லசிவம்தான் உடைத்தார்:
'அம்மணி, மைக்கு ஆன் பண்ணலீங்க!'
'அட போங்க சாமி' என்று சிரித்தார் கலாமணி,
'இத்தன நேரம் செவுத்துகிட்டயா படிச்சேன்?'

மறுபடி படித்தார், சத்தத்தோடு.
களத்தில் காயும் நெல்லைப் பற்றி,
மழை இறங்குமுன் அதை அள்ளும் பெண்களைப் பற்றி.
நல்ல கவிதை. பிரமாதம் என்று நானும் சொன்னேன்.
இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை.
முதலில் படித்ததுதான் பெரிய கவிதை என்று
அவரிடம் நான் எப்படிச் சொல்ல?

ஐந்தாவது, ஆறாவது யாரென்று கேட்டால்
நோட்டீஸைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

'ரெட்மி' என்ற பெயரில்
ஒரு கறுப்புக் கட்டம்
தொடக்கத்திலிருந்தே இருந்தது.
நன்றியுரை முடிந்து எல்லோரும் கிளம்பியும் இருந்தது.
'யாருங்க?' என்றேன்.
விசைத்தறி ஓடும் சத்தம் ஒரு கணம் திறந்து
மூடிக்கொண்டது.

முடித்தேன்.
கடல் போய்ப் பெட்டிகள் வந்தன.

விளக்கை அணைக்குமுன்
ரிஜிஸ்டரைச் சும்மா பிரித்துப் பார்த்தேன்.
இன்றைய தேதியில்
சனிக்கிழமையே யாரோ எழுதி
கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்கள்:
'உடைசல் ஏதுமில்லை.'