வசதிக் கட்டணம்

எதிர்த்த வீட்டு மொட்டை மாடியில
வெள்ளைத் திரை கட்டி மேட்ச் போட்டிருக்காங்க.
தறிச் சத்தத்துல காது ஒண்ணுக்கும் ஆகாதுங்க,
சன்னல்ல ஒரு கண்ணு வச்சாப் போதும்.
அங்கே பசங்க குதிப்பாங்க.
இங்கே போன்ல பந்து போடுறவன்
அப்பத்தான் பேண்ட்டுல பந்தைத் தேய்ப்பான்.
முப்பது நொடி பிந்தித்தான் வருது
எங்க ஆட்டம்.
அதுக்குள்ள நாடா மாத்தலாம்,
அறுந்த இழை ரெண்டை முடியலாம்,
ஆனா ஆறா அவுட்டாங்கறது
அதுக்கு முன்னாலயே தெரிஞ்சு போயிருது.

போன் துளசிமணியோடது.
பணம் பதினோரு பேருது.
தலைக்கு இருபத்தேழு,
குறைஞ்ச ரெண்டு ரூவாயை விகாஸ் போட்டான்.
அவன் டீம் வேற, இருந்தாலும் போட்டான்.
முந்தி கேபிள்ல வந்துச்சு.
அப்புறம் போன்ல சும்மாவே காட்டினாங்க,
சந்தையில ருசி பாக்க ஒரு சுளை தருவாங்களே
அந்தக் கணக்கு.
இப்ப மாசம் எரநூத்தித் தொண்ணூத்தொம்போது.
ரெண்டாவது போன்ல திறந்தா
'உங்கள் வரம்பு முடிந்தது'ன்னு
நல்ல தமிழ்லயே வையுது.
அதனால ஒரே போனு,
பாவு பீம் மேல சாத்தி வச்சு
பதினோரு கழுத்து.

நாச்சிமுத்துதான்
நேர்லயே பாத்துர்றேன்னு கிளம்புனவன்.
விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு
ஆளே இல்லாத ஒரு வரிசையில நின்னான்.
ஒரு லச்சத்து நாப்பத்தோராயிரத்துச் சொச்சமாவது ஆளுன்னு
போன் சொல்லுச்சு.
டிக்கெட்டு ரெண்டாயிரத்தி ஐநூறு.
அதுக்கு மேல
வசதிக் கட்டணம் நூத்தி எம்பது.
யாரோட வசதிங்கன்னு கேக்கறதுக்கு
கவுண்டர்ல ஒரு ஓட்டைகூட இல்லை,
கவுண்டரே இல்லை.

சென்னையில கேட்டுல
தண்ணி பாட்டிலைப் பிடுங்குனாங்க.
கடலை முட்டாயைப் பிடுங்குனாங்க.
கடைசியா சோப்புல இருந்த சில்லறை,
உள்ளே எறிஞ்சிருவானாம்.
'ஏனுங்க, பதினாலு ரூவாயை எறியறவனாட்டமா
இருக்கறேன்?'
பக்கெட்டுல விழுந்தப்ப
உண்டியல் சத்தமேதானாம்.
உள்ளே தண்ணி அறுவது.
முன்னால ஒரு தூணு.
பாதி ஆட்டத்தை அவனும் திரையிலதான் பாத்தான்.

எல்லாத்தையும் திட்டித் தீத்துட்டு
கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்:
'ஆனா அங்கே முப்பது நொடி இல்லீங்க.
மட்டையில பட்டதும் கேக்குது.'
அப்ப அவன் மூஞ்சியைப் பாத்திருக்கோணும்.

கருமத்தம்பட்டி நால்ரோட்டுல இறங்கி
சோமனூருக்கு நடந்தே வந்தான்.
மினி பஸ்காரன்
ஐநூறு ரூவா நோட்டுக்குச் சில்லறை இல்லைன்னுட்டான்.

மக்யா நாளு அவன் போன்ல ஒரு சேதி:
'அன்பான குடும்பமே, நீங்கள்தான் எங்கள் உயிர்.'
அட போங்க.
எங்க ஊர்ல ஒறம்பரை வந்தா
மொதல்ல தண்ணி சொம்பு குடுப்பாங்க.
வாசல்ல நிறுத்தி
மடியைத் தடவிப் பாக்கறதில்லை.

நேத்து கடைசி ஓவர்.
மூணு பந்துல எட்டு ரன்னு வேணும்.
கரண்டு போயிருச்சு.
இருபத்து நாலு தறியும் ஒரே மூச்சுல நின்னதும்
காதுக்குள்ள யாரோ பஞ்சை எடுத்தாப்ல இருந்துச்சு.
ஒரு வருசமா வாயசைப்பு மட்டும் பாத்த
அந்த வர்ணனைக்காரங்க குரலை
இன்னைக்காவது கேப்போம்னு சாஞ்சோம்.
போன் பேசுச்சு:
இன்னும் தெளிவாகப் பார்க்க
இன்னொரு நூறு கட்டச் சொல்லி.

எதிர்த்த வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது.
மாடி முச்சூடும் கத்தற சத்தம்.
விசிலு. ஒரு சரவெடி.
செயிச்சாச்சு.

துளசிமணி பேட்டரியைப் பாத்தாள், நாலு பர்சென்ட்டு.
அணைச்சிரட்டுமான்னு கேட்டாள்.
யாரும் பதில் சொல்லலை.
விளம்பரம் முடிஞ்சு
பந்து போடுறவன் மெல்லத் திரும்பி நடந்தான்,
இன்னும் எதுவுமே நடக்காத மாதிரி.
விகாஸ் மட்டும் இந்தியில என்னமோ முணுமுணுத்தான்.
வேண்டிக்கிட்டான் போலிருக்குது.